கையைக் கட்டிக்கொண்டு உதவியவர்களுக்கு

பாலக்காட்டு எல்லையோரம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி பக்கத்து உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

நம் வாசகசாலைப் பிள்ளைகள் ஃபர்ஸ்ட் லெகோ லீக் என்ற ரோபோ போட்டியின் வட்டாரச் சுற்றுக்குப் போய்வந்தது உங்களுக்குத் தெரியும். வந்ததிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் "கப்பு வாங்கினீங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். வாங்கவில்லை. அடுத்த சுற்றுக்கும் தேர்வாகவில்லை. ஆனால் நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துச் சொல்வதற்குள் அடுத்த சீசனே வந்துவிடும் என்பதால் இந்த மடல்.

போட்டி என்னவென்று கேட்டவர்களுக்காகச் சுருக்கமாக. 1989ல் அமெரிக்காவில் டீன் கேமன் தொடங்கிய ஃபர்ஸ்ட் என்ற அமைப்பு, பிள்ளைகள் பொருத்தி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகள் செய்யும் லெகோ நிறுவனத்தோடு சேர்ந்து இதை நடத்துகிறது. இந்தியாவில் இந்தியா ஸ்டெம் ஃபவுண்டேஷன் பொறுப்பு. ஒரு குழுவில் 10 பேர் வரை சேரலாம். ரோபோவைப் பிள்ளைகளே கட்டி, புரோகிராமும் எழுத வேண்டும். மேசைமேல் இரண்டரை நிமிடத்தில் அது தானாக ஓடி, முடிந்தவரை வேலைகளைச் செய்ய வேண்டும். ரிமோட் கிடையாது. ரோபோ ஓட்டம் மதிப்பெண்ணில் கால் பங்குதான். ரோபோவை எப்படி வடிவமைத்தார்கள், ஒரு பிரச்சினையை எடுத்து எப்படி ஆராய்ந்தார்கள், குழுவாக எப்படி நடந்துகொண்டார்கள் என்பவை மீதி முக்கால்.

இதில் பெரியவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வழி காட்டலாம், கேள்வி கேட்கலாம், ஆனால் வேலை பிள்ளைகளுடையதாக இருக்க வேண்டும். படிக்கும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. பிள்ளை ஷூ லேஸ் கட்டத் தடுமாறினால் குனிந்து கட்டிவிடுகிற நமக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று மேசை பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும்.

ஆசாரி அண்ணனுக்கு முதல் நன்றி. மேசைக்கான அளவு மில்லிமீட்டரில் இருந்தது: 2362க்கு 1143. அண்ணன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு டேப்பை நீட்டினார். "இதுங்களா, 93 அங்குலம், 45 அங்குலம். எட்டுக்கு நாலு ப்ளைவுட்டை அப்படியே போட்டு, சுத்தி ஒன்றரை அங்குலச் சட்டம் அடிச்சா உள்ள சரியா நிக்கும். ஒரு நூல்கூட வெட்ட வேண்டியதில்ல" என்றார். அப்படியே நின்றது. கூலி வாங்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய உதவி அப்புறம் செய்தார். ரோபோவின் கை ஆடிக்கொண்டே இருந்ததைப் பார்த்து, "ஏனுங்க அம்மிணி, ஒரு சொட்டு ஃபெவிகால் வெச்சா நின்னுக்குமே" என்றார். லெகோ துண்டு தவிர வேறெதுவும் கூடாது, பசை, டேப் எதுவும் ஆகாது என்றதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். இருந்தும் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கை ஆடாமல் இருக்க, குறுக்கே இன்னொரு துண்டு போட வேண்டும் என்று பிள்ளைகள் கண்டுபிடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

கேரம் போர்டை ஓரத்துக்கு நகர்த்தி இடம் தந்த இளைஞர்களுக்கும், மாலைப் பத்திரிகை வாசிப்பை வராந்தாவுக்கு மாற்றிக்கொண்ட பெரியவர்களுக்கும் நன்றி. சத்தம் தாங்கவில்லை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

பள்ளியில் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் கணினி கிளப்பைப் பார்த்துக்கொள்ளும் டீச்சருக்கு எப்படி நன்றி சொல்ல? 2018ல் அந்த கிளப் தொடங்கியது. நம் பிள்ளைகள் அர்டுயினோ என்ற குட்டிக் கணினிப் போர்டையும் சென்சாரையும் முதன்முதலில் தொட்டது அங்கேதான். இப்போது பத்தாம் வகுப்பு ஐசிடி (தகவல் தொழில்நுட்பப்) பாடத்திலேயே ரோபோ வந்துவிட்டது. டீச்சருக்கு மலையாளம்தான் தாய்மொழி. பிள்ளைகள் தமிழில் கேட்பார்கள், அவர் மலையாளத்தில் திருப்பிக் கேட்பார். பதில் மட்டும் சொல்ல மாட்டார். "நீ எந்தா விசாரிக்குன்னது?" (நீ என்ன நினைக்கிறாய்?) என்று அவர் கேட்டாலே பிள்ளைகள் பெருமூச்சு விடுவார்கள்.

தன் ஸ்பைக் பிரைம் என்ற லெகோ ரோபோ கிட்டை இரவல் கொடுத்த கல்லூரி மாணவருக்கும், ஞாயிறுதோறும் கோவையிலிருந்து பஸ் ஏறி வந்த எஞ்சினியர் தம்பிக்கும் நன்றி. தம்பி சில நேரம் தன் உள்ளங்கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொள்வார். ஒரு சம்பவம் சொல்கிறேன். காலையில் சரியாகத் திரும்பிய ரோபோ, மாலையில் அதே புரோகிராமில் கோணலாகத் திரும்பியது. பேட்டரி என்றான் ஒருவன். எவ்வளவு திரும்பியது என்று பார்க்கும் கைரோ சென்சார் என்றாள் இன்னொருத்தி. சார்ஜ் ஏற்றினார்கள், எண்களை மாற்றினார்கள், சண்டையும் போட்டார்கள். தம்பிக்கு முதலிலேயே புரிந்துவிட்டது என்று அவர் முகமே சொன்னது, ஆனாலும் பேசவில்லை. கடைசியில் ஏழாவது படிக்கும் பெண் சக்கரத்தின் ரப்பரை விரலால் ஒரு சுற்று தடவி, விரலைத் திருப்பிப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் தூசி. சக்கரம் பிடிப்பில்லாமல் வழுக்கியிருக்கிறது. ஈரத்துணியால் துடைத்ததும் சரியானது. அதோடு விடவில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் டயரைத் துடைப்பது, வழியில் ரோபோவைப் பின்னால் ஓட்டி மேசைச் சட்டத்தில் முட்டவைத்து நேராக்கிக்கொள்வது என்று இரண்டு வழக்கங்களை அவர்களே நோட்டில் எழுதினார்கள். அன்று தம்பி "தூசி" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நிறைய நேரம் மிச்சம். ஆனால் நோட்டில் அந்தப் பக்கம் இருந்திருக்காது.

நாங்கள் கலந்துகொண்ட சீசனில் போட்டிக்குக் கொடுத்த தலைப்பு கடல். மழை மறைவில், ஆளியாற்றுத் தண்ணீருக்கு வாய்க்கால் பார்த்து நிற்கிற ஊருக்குக் கடலா என்று எல்லோரும் சிரித்தோம். நம் சிற்றூர்ப்புழை பாரதப்புழையில் சேர்ந்து பொன்னானியில் கடலைத் தொடுகிறது என்று வரைபடத்தில் காட்டிய பையன்தான் எங்களை அடக்கினான். அங்கிருந்து மீன் கொண்டுவரும் இக்காவை வழிமறித்தார்கள். அவர் வண்டியை நிறுத்தி, பொன்னானியில் கடலுக்குப் போகும் தன் உறவினரை ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தார். அறுந்து கடலில் கிடக்கும் வலைகளில் மீன் மட்டுமல்ல, முக்குளிப்பவர்களும் சிக்கும் ஆபத்து உண்டு என்று அந்த உறவினர் சொன்னதிலிருந்துதான் எங்கள் ஆய்வுத் திட்டமே பிறந்தது. வெயிலில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது, வாங்க வந்தவர்கள் முணுமுணுத்தார்கள், இக்கா அசையவில்லை. அன்று மீன் வாங்கக் காத்திருந்தவர்களுக்கும் சேர்த்து நன்றி.

போட்டி அன்று ஒரு கேபிள் போய்விட்டது. பக்கத்து மேசைக் குழு, கேட்பதற்கு முன்பே தங்களுடையதை நீட்டியது. அடுத்த ஆட்டத்தில் எதிரே நிற்கப்போகிறவர்கள் அவர்கள்! மூன்று ஆட்டங்களில் எது அதிகமோ அதுதான் கணக்கு. எங்களுக்கு அந்தக் கேபிளோடு ஆடிய மூன்றாவது ஆட்டம்தான் கைகொடுத்தது. மேசைமேல் இருந்த லெகோ சுறா தன் இடத்துக்குப் போனது, லெகோ திமிங்கலத்தின் வாய்க்குள் அதன் இரையான கிரில்கள் (இறால் போன்ற சிற்றுயிர்கள்) போய் விழுந்தன. எங்கள் பையன்கள் போட்ட கூச்சலுக்கு அந்தக் குழுவும் சேர்ந்து கை தட்டியது.

ஆங்கிலத்தில் பேச வராமல் நின்ற பையனிடம், "தமிழிலேயே சொல்லுப்பா" என்ற நடுவருக்கு என்றும் நன்றி. அவன் அதன்பிறகு நிறுத்தவேயில்லை.

அப்புறம், பணம் கட்டினால் ரோபோவும் புரோகிராமும் தயாராகவே தருகிறேன், மனப்பாடம் செய்து ஒப்பித்தால் போதும் என்று போனில் சொன்னவருக்கும் ஒரு நன்றி. அதை வாங்கலாமா என்று பிள்ளைகளிடமே கேட்டோம். "அப்ப நாங்க எதுக்கு?" என்றாள் ஒருத்தி. பேச்சு அதோடு முடிந்தது.

டீயும் சுண்டலும் தந்த அம்மாக்கள், பால் சொசைட்டி வேலை முடிந்து ஜீப் ஓட்டிய அப்பா, செக்போஸ்ட் நெரிசலில் வழி விட்டவர்கள் எல்லோரையும் நினைத்துக்கொள்கிறோம்.

2025-26 சீசனின் தலைப்பு தொல்லியல். பழைய பாதை, நடுகல், வாய்க்கால், மடை என்று உங்களுக்குத் தெரிந்ததைக் கேட்டுப் பிள்ளைகள் நோட்டோடு வீட்டுக்கு வருவார்கள், உட்காரவைத்துச் சொல்லுங்கள். இரவல் கிட்டைத் திருப்பித் தர வேண்டியிருக்கிறது. யாரிடமாவது ஸ்பைக் பிரைம் சும்மா இருந்தால் வாசகசாலையில் சொல்லவும். புதிதாகச் சேர விரும்பும் பிள்ளைகள் ஞாயிறு காலையில் வரலாம். பெற்றோர் வராந்தா வரை வரலாம்.

அன்புடன்,
குழுவின் பயிற்சியாளர்