பெட்டிக்குள் இருக்கும் பூவின் வெப்பநிலையை அளக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிப்ரவரி 14 நெருங்கும்போதெல்லாம் ஓசூர் ரோஜாவின் விலையைப் பற்றியும் ஏற்றுமதியைப் பற்றியும் நாளிதழ்களில் செய்திகள் வருகின்றன. அந்த ரோஜா பசுமைக்குடிலை விட்டுப் புறப்பட்ட பின் எவ்வளவு நேரம், எந்த வெப்பநிலையில் இருந்தது என்பதை யார் அளக்கிறார்கள் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. தளி, பாகலூர், பேரிகை, கெலமங்கலம் பகுதிகளில் கொய்மலர், அதாவது காம்போடு வெட்டி விற்கும் பூ, பயிரிடும் எங்களுக்கு லாபமும் நட்டமும் பெரும்பாலும் அதைப் பொறுத்தே அமைகின்றன.

செடியிலிருந்து வெட்டிய பிறகும் பூ சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறது. தன்னிடம் சேர்ந்துள்ள சர்க்கரையையும் மாவுச்சத்தையும் செலவழித்தே அது உயிர் வாழ்கிறது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அந்தச் செலவு இரண்டு மடங்கு அல்லது அதற்கும் மேலாகிறது. அதனால்தான் ரோஜாவை வெட்டியவுடன் தண்ணீரில் நிறுத்தி, வெயில் ஏறுவதற்குள் குளிரறைக்குக் கொண்டுசென்று, 2 முதல் 4 டிகிரியில், 90 விழுக்காட்டுக்குக் குறையாத ஈரப்பதத்தில் வைக்கிறோம். இதில் எங்கள் பகுதி விவசாயிகள் நன்கு தேர்ந்திருக்கிறார்கள். 20 பூக்கள் கொண்ட கொத்துகளாகக் கட்டி, அட்டைப்பெட்டியில் அடுக்கி வண்டியில் ஏற்றிய பிறகு நடப்பதுதான் யாருக்கும் தெரிவதில்லை.

வழியில் பட்ட வெப்பம் பெட்டியைத் திறக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. மொட்டு இறுக்கமாகவும் இலை பச்சையாகவும் இருக்கும். வாங்குபவரும் தரம் பார்த்து ஒப்புக்கொள்வார். இரண்டு நாள் கழித்து, கடையிலோ வீட்டிலோ ஜாடியில் இருக்கும்போது, பூ விரியாமலேயே கழுத்து வளைந்து தொங்கும். உடனே புகைப்படம் வரும், கூடவே தொகையில் பிடித்தமும் வரும். பூ குளிரறையில் கெட்டதா, வண்டியில் கெட்டதா, விமான நிலையச் சரக்குக் கூடத்தில் காத்திருந்தபோது கெட்டதா என்பதற்கு விவசாயியிடம் எந்தச் சான்றும் இல்லாததால், பழியையும் நட்டத்தையும் அவரே சுமக்க வேண்டியிருக்கிறது. இந்த நிலை நியாயமற்றது என்பதே என் முதன்மையான முறையீடு.

இதைக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. பூ இருந்த வெப்பநிலையை, இருந்த மணி நேரத்தால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே வருவதுதான் அது. 2 டிகிரியில் ஒரு நாள் முழுவதும் இருந்தால் கிடைக்கும் கூட்டுத்தொகை 48. 25 டிகிரியில் நான்கே மணி நேரம் இருந்தால் 100. அதாவது சரக்குக் கூடத்தில் ஒரு முற்பகல் காத்திருப்பதால், குளிரறையில் இரண்டு நாள் இருப்பதைவிட அதிகமான ஆயுளைப் பூ இழந்துவிடுகிறது. கென்யாவிலிருந்து ஐரோப்பாவுக்கு ஏறக்குறைய நான்கு வாரம் கப்பலில் ரோஜாவை அனுப்ப முடிகிறதென்றால், குளிர்பதனப் பெட்டகத்தில் வெப்பநிலையை 0.5 டிகிரி அளவில் நிறுத்தி, வழி நெடுக அதைப் பதிவும் செய்கிறார்கள் என்பதே காரணம். பெங்களூரு விமான நிலையத்துக்குச் சில மணி நேரப் பயணம் மட்டுமே உள்ள நமக்கு அது இயலாத காரியம் அன்று.

குளிர்பதன வண்டியின் முகப்பில் தெரியும் எண்ணை நம்பி இருந்துவிடக் கூடாது என்பதையும் வலியுறுத்த விரும்புகிறேன். அது வண்டிக்குள் வீசும் காற்றின் வெப்பநிலை. நெருக்கி அடுக்கிய பெட்டியின் நடுவில் உள்ள பூ, போதிய அளவு குளிரூட்டப்படாமல் ஏற்றப்பட்டிருந்தால், தன் சுவாசத்தால் தானே சூடாகிக்கொண்டிருக்கும். வண்டியின் கருவி அதை அறியாது. எனவே வெப்பநிலையை விடாமல் குறித்துவைக்கும் பதிவுக்கருவியைப் பெட்டிக்குள், கொத்துகளுக்கு நடுவில் வைக்க வேண்டும்.

வெப்பநிலை ஒன்றே எல்லாம் என்று நான் சொல்லவில்லை. கார்னேஷன் பூவை வாழைப்பழத்துடனோ மாம்பழத்துடனோ ஒரே வண்டியில் ஏற்றினால், பழம் வெளியிடும் எத்திலீன் வாயுவால் இதழ்கள் உள்நோக்கிச் சுருண்டுவிடும். குளிர்ந்த பெட்டியை ஈரக் காற்றில் திறந்தால் இதழில் நீர் கோத்து, சாம்பல் பூஞ்சணம் பிடிக்கிறது. ஆந்தூரியம் போன்ற வெப்பமண்டலப் பூக்களோ ரோஜாவுக்கு உகந்த குளிரில் கருகிவிடும். ஆனால் இவற்றையும் பயணப் பதிவு இருந்தால்தான் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய முடியும். 2013 இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிகூட இன்றும் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் வைத்து, எந்த அளவீடும் இன்றியே ஊர் ஊராகச் செல்கிறது. அது தனியே பேச வேண்டிய செய்தி.

ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கத்தின் வழியாகக் குளிரறைகளுக்கும் குளிர்பதன வண்டிகளுக்கும் அரசு மானியம் வழங்குகிறது. மானியம் பெற்ற ஒவ்வொரு வண்டியும், ஏற்றும் சரக்கில் குறைந்தது ஒரு பெட்டிக்குள்ளாவது வெப்பநிலைப் பதிவுக்கருவி வைத்து, அப்பதிவை அனுப்பியவருக்கும் பெறுபவருக்கும் ஒருசேர அளிக்க வேண்டும் என்பதை நிபந்தனையாக்குமாறு தோட்டக்கலைத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். தரக்குறைவைக் காட்டித் தொகையைப் பிடித்தம் செய்பவர், அந்தப் பதிவை முன்வைத்தே செய்ய வேண்டும் என்ற விதியும் கொள்முதல் ஒப்பந்தங்களில் இடம்பெற வேண்டும். இக்கருவிகள் மீண்டும் மீண்டும் பயன்படக்கூடியவை; சிறு விவசாயிகள் உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் மூலம் பொதுவில் வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். பிப்ரவரி அறுவடைக்காக டிசம்பரிலேயே கிளைகளை வெட்டிவிடுவோம் என்பதால், அதற்கு முன்பே இந்த ஏற்பாட்டைச் செய்து தருமாறு தங்கள் நாளிதழ் வாயிலாக வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கொய்மலர் விவசாயி ஒருவர்,
தேன்கனிக்கோட்டை வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்.