மான்செஸ்டரிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். குளிர்தான் இன்னும் விடவில்லை.

விக்டோரியா காலத்து பேங்குகள் ஏன் அரண்மனை மாதிரி இருக்கின்றன என்று உன் மகன் கேட்டானாமே, அருமையான கேள்வி. இங்கே மோஸ்லி தெருவில் எட்வர்ட் வால்டர்ஸ் வடிவமைத்து 1862இல் முடிந்த பேங்க் கட்டடம் ஒன்று இருக்கிறது. பழைய இத்தாலிய வணிகப் பிரபுக்களின் மாளிகை போலவே இருக்கும். அன்றைக்கு டெபாசிட்டுக்குக் காப்பீடு கிடையாது. 1866இல் லண்டனில் ஓவரெண்ட் கர்னி என்ற பெரிய நிறுவனமே திவாலாகி ஊரெங்கும் பீதி கிளம்பியது. பணம் பத்திரமாக இருக்கும் என்று வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? கனத்த சுவரையும் உயர்ந்த வாசலையும் காட்டித்தான் நம்பவைக்க வேண்டியிருந்தது.

தேவாலயங்களுக்குப் பெரும்பாலும் கோதிக் என்ற இடைக்கால ஐரோப்பியப் பாணிதான். அதன் கூரான வளைவே கிறிஸ்தவக் கட்டடக்கலை என்று பியூஜின் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் அடித்துச் சொல்லியிருந்தார். ஆனால் பழையதை அப்படியே நகல் எடுத்தார்கள் என்று உன் மகன் நினைத்துவிட வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டு சாலையில் 1871இல் திறந்த ஹோலி நேம் தேவாலயத்தைப் பார்த்தால் பிரெஞ்சு இடைக்காலத்தது போலிருக்கும். கூரை வளைவையோ உள்ளே கூடான சுடுமண் கட்டிகளால் கட்டினார் அதை வடிவமைத்த ஹான்சம். பாரம் குறைந்தது, தூண்கள் மெலிந்தன, உள்ளே இடம் தாராளமாக விரிந்தது. அவன் இங்கே வந்தால் முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன்.

அப்புறம் டவுன்ஹால். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அதுதான். ஆல்ஃபிரட் வாட்டர்ஹவுஸ் ஒரு கோணல் முக்கோண மனையில் 280 அடிக் கோபுரத்தோடு 1877இல் கட்டி முடித்தது. ஆலைப் புகை எப்படியும் கரியாக்கிவிடும் என்று தெரிந்து, வெளியே வண்ணக் கல் வேலையை அவர் தவிர்த்தார். தரையில் மொசைக் தேனீக்கள், சுவரில் ஓவியங்கள் என்று அலங்காரத்தையெல்லாம் உள்ளே வைத்தார். இத்தனையும் பஞ்சு கொடுத்த காசு. நம் நெசவாளர்களின் பிழைப்பை நசுக்கியதும் இந்த ஆலைத் துணிதானே. அந்தக் கட்டடத்தை வாய் பிளந்து பார்க்கும்போதே உன் தாத்தாவின் தறியும் ஞாபகம் வந்துவிடுகிறது.

கோவையில் ஸ்டேன்ஸ் மில் தொடங்கியது 1888இல், இந்த டவுன்ஹால் முடிந்து 11 வருடம் கழித்து. அந்தக் காலத்து மில் கட்டடங்களில் எவையெல்லாம் இன்னும் நிற்கின்றன? மகனை ஒரு நடை போய்ப் பார்த்து, வரைந்து அனுப்பச் சொல்.

அன்புடன்,
ரவி