தொண்டை வலியும் தள்ளிப்போட்ட ஊசியும்

அன்புள்ள மகனுக்கு,

நேற்று போனில் உன் குரல் கரகரத்தது. கேட்டதற்கு, "இரண்டு நாளாகத் தொண்டை வலி அம்மா, உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கிறேன், சரியாகிவிடும்" என்றாய். உன் அறையில் இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கு என்றால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். பெரும்பாலான தொண்டை வலி வைரஸால் வருவது. ஒரு வாரத்தில் தானாகப் போய்விடும். உன் விஷயத்தில் அப்படி விட்டுவிட முடியாது.

மூன்றாம் வகுப்பில் உனக்குத் தொண்டை வலி வந்து ஆறிப்போனது. இரண்டு மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கியது. அது வடிவதற்குள் கணுக்கால், பிறகு முழங்கை. போர்வை பட்டால்கூட அலறினாய். மூட்டு வலி சுவடில்லாமல் போய்விட்டது. இதயத்தில் இரத்தம் பின்னால் திரும்பாமல் தடுக்கும் மைட்ரல் வால்வில் கசிவு மட்டும் தங்கிவிட்டது. தொண்டையில் தொற்றும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் சக்தியே மூட்டையும் இதயத்தையும் தாக்குவதுதான் ருமாட்டிக் காய்ச்சல். 5 முதல் 15 வயதுக்குள்தான் அதிகம் வரும். அந்த வயதைத் தாண்டிவிட்டேனே என்பாய். ஒருமுறை வந்தவர்களுக்கு மறுபடி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம், கண்ணா. வரும்போதெல்லாம் வால்வு இன்னும் கொஞ்சம் கெடும். போதாததற்கு, ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிறீர்கள். அவ்வளவு நெருக்கத்தில் ஒருவர் இருமினாலே கிருமி பரவிவிடும்.

21 நாளுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போடுவது இதற்காகத்தான். போட்ட அன்று நொண்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும், எனக்குத் தெரியும். ஷிப்டு மாறியதால் இந்த முறை போடவில்லை என்று தங்கை சொன்னாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, பயந்துபோய்ச் சொன்னாள். நாள் ஆக ஆக அந்த மருந்து இரத்தத்தில் குறைந்துகொண்டே போகும். தவணை தவறினால் கிருமிக்கு வழி திறந்துவிடும். நாற்பது வயது வரைகூடப் போட வேண்டியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது உன் முகம் வாடியதைப் பார்த்தேன். வால்வு அறுவை சிகிச்சைக்கு உன்னைப் படுக்க வைப்பதைவிட எத்தனை ஊசியும் எனக்குப் பெரிதில்லை.

இன்றைக்கே டாக்டரைப் பார். போனவுடன், சின்ன வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்தது, வால்வில் கசிவு இருக்கிறது, ஊசி தவறிவிட்டது என்று சொல்லிவிடு. கேட்டால்தான் சொல்வது என்று உட்கார்ந்திருக்காதே. மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டு வலியை அடக்காதே. அந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமித் தொற்றுதான் என்றால், வலி தொடங்கிய 9 நாட்களுக்குள் சரியான மருந்தைத் தொடங்கி, சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும். இடையில் வாயைத் திறக்கவோ எச்சில் விழுங்கவோ முடியாமல் போனால், மூச்சு முட்டினால், நடுராத்திரி என்று பார்க்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. தொண்டைக்குள் சீழ் கட்டினாலும் அப்படி ஆகும்.

இதயத்தை ஸ்கேன் செய்த பழைய எக்கோ ரிப்போர்ட்டையும் ஊசி அட்டையையும் தங்கை போட்டோ எடுத்து அனுப்புவாள். டாக்டரிடம் அவற்றைக் காட்டு. ஊசி போட்டதும் அடுத்த தேதியை எழுதி வாங்கி எனக்கும் சொல். அந்த நாளில் ஷிப்டை மாற்றித் தரும்படி மேற்பார்வையாளரிடம் இப்போதே கேட்டு வை.

அன்புடன்,
அம்மா