நெல் காயவைக்க ஒரு களம் கேட்கிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் பொருளாதாரம் மீண்டு வருகிறது என்ற செய்தியை உங்கள் பத்திரிகையில் தொடர்ந்து வாசிக்கிறேன். அதைப் பொய்யென்று சொல்ல மாட்டேன். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அரசாங்கம் கைவிரித்த காலத்தில், மண்ணெண்ணெய்க்காக விடிய விடிய வரிசையில் நின்றவன் நான். அந்த ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதம். பிறகு அந்த வரிசைகள் ஓய்ந்தன. 2024இல் நாடு 5 சதவீதம் வளர்ந்தது. ஆனால் அதே 2024இல் ஏறக்குறைய நான்கு பேரில் ஒருவர் வறுமையில் இருப்பதாக உலக வங்கி மதிப்பிட்டது. வளர்ச்சியும் வறுமையும் எப்படிச் சேர்ந்தே இருக்கின்றன என்பது, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான எங்கள் படுவான்கரையில் அறுவடைக் காலத்து ஒரு பின்னேரம் வந்து நின்று பார்த்தால் விளங்கும்.

கொக்கட்டிச்சோலைப் பக்கம் நான்கு ஏக்கர் வேளாண்மை செய்கிறேன். 2025 ஜனவரிக் கடைசியில் வெட்டினேன். காலையில் இறங்கிய அறுவடை இயந்திரம் மத்தியானத்துக்குள் முடித்துவிட்டது. சுமார் 6,000 கிலோ. ஒரு கை அள்ளிப் பொத்தினால் உள்ளங்கை குளிர்ந்தது, அவ்வளவு ஈரம். வாங்க வந்தவர் ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தார். நசிந்தது. "90 ரூபாய்தான் போடலாம்" என்றார். காயவைத்து விற்கலாமென்றால், எங்களுக்கு இருக்கும் ஒரே களம் காபட் வீதியின் ஓரம்தான். அதிலும் இரண்டு பக்கமும் மற்றவர்களின் நெல் பரந்து கிடந்தது. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அடுத்த வயற்காரப் பெரியப்பா சொன்னார்: "மனே, மழைய வைச்சிக்கிட்டு விலை பேச ஏலாது. குடுத்திட்டு வா."

கொடுத்துவிட்டேன். இயந்திரக் கூலி அன்று பொழுதுபடுவதற்குள் கொடுக்க வேண்டும். பசளையும் மருந்தும் கடனுக்குத் தந்த கடைக்காரருக்கு அறுவடையன்று என்று வாக்குக் கொடுத்திருந்தேன். மனைவியின் சங்கிலி அடகில் இருந்தது. கையில் வந்தது 540,000 ரூபாய்.

பெப்ரவரி 5ஆம் திகதி அரசாங்கம் உத்தரவாத விலையை அறிவித்தது. நாட்டு நெல் கிலோ 120 ரூபாய், சம்பா 125, கீரிச் சம்பா 132. அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபை வாங்குவதென்றால் ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. என் நெல்லில் 22 சதவீதம் இருந்திருக்குமென்று வைத்துக்கொள்ளுங்கள். 14க்குக் காயவைத்தால் 6,000 கிலோ சுமார் 5,440 கிலோவாகக் குறையும். நாட்டு நெல்லுக்குரிய 120 ரூபாய்ப்படி 652,800. நான் இழந்தது 112,800 ரூபாய். அந்தப் போகத்துக்குத் தந்த பசளை மானியம் ஹெக்டேயருக்கு 25,000. என் நான்கு ஏக்கருக்கு ஏறக்குறைய 40,000. ஒரு கையால் தந்ததைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு, காயவைக்க ஒரு களம் இல்லாததால் ஒரே பின்னேரத்தில் போனது. இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது.

வாங்கியவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஈர நெல்லைப் பொலன்னறுவை ஆலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வரை நட்டம் அவர் தலையிலும்தான் இருக்கிறது. முன்பு இந்தச் சிக்கல் இல்லாததற்குக் காரணம் உண்டு. அரிவாளால் வெட்டி, உப்பட்டியாக, அதாவது கைப்பிடி கைப்பிடியாக, வயலிலேயே காயவிட்டு, கதிரைச் சூடாகக் குவித்து வைத்து, பிறகுதான் களவெட்டி என்ற களத்தில் போட்டு மிதித்தோம். நெல் வீட்டுக்கு வரும்போதே காய்ந்திருக்கும். நெல் சேமிக்கும் பட்டறையில் கொட்டி வைத்து, காசு தேவைப்படும்போது இரண்டு மூடை விற்போம். ஆள் கிடைக்காமலும் கூலி கட்டுப்படியாகாமலும் இயந்திரத்துக்கு மாறினோம். அந்த மாற்றம் தேவைதான். ஆனால் வெட்டுவது மட்டும் மாறியது. காயவைப்பதற்கும் சேமிப்பதற்கும் எவரும் வழி செய்யவில்லை. மாவட்டம் முழுவதன் நெல்லும் இரண்டு மூன்று கிழமைக்குள் ஈரத்தோடு சந்தைக்கு வருகிறது. விலை விழாமல் என்ன செய்யும்?

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு செய்துகொண்ட கடன் ஏற்பாடு, 1965 முதல் எண்ணினால் 17ஆவது. வரவுக்குள் செலவு செய்ய வேண்டும் என்பதை நான் எதிர்க்கவில்லை. கடனின் வலி விவசாயிக்குத் தெரியும். வற் வரி 18 சதவீதமாகியது, மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் மறுபடி 66 சதவீதமும் ஏறியது. எங்கள் ஊர்ச் சிறிய அரிசி ஆலை அந்தக் கட்டணத்தோடு படுத்தது. இவ்வளவையும் நாங்கள் தாங்கினோம். ஆகவே அந்தக் காசு எதற்குச் செலவாகிறது என்று கேட்கும் உரிமை எங்களுக்கு இருக்கிறது.

கடன் எடுத்துக் கட்டியவற்றைப் பாருங்கள். 2013இல் திறந்த மத்தளை விமான நிலையத்துக்கு விமானங்கள் வராததால், 2015இல் அதன் சரக்குக் களஞ்சியத்தில் நெல் மூடைகளை அடுக்கினார்கள். விமான நிலையம் கட்டுவதற்குக் கிடைத்த கடன், விளைந்த இடத்தில் நெல்லுக்கு ஒரு கூரை போடக் கிடைக்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். பக்கத்தில் அம்பாறையில் ஒலுவில் துறைமுகம் டென்மார்க் கடனில் கட்டி அதே 2013இல் திறக்கப்பட்டது. அதன் வாயிலை மணல் அடைத்தது, கரையைக் கடல் தின்றது. தோணி கட்டிய இடத்தையும் தென்னையையும் இழந்தது அந்தக் கரை மக்கள்.

நம்மைப் போலக் கடனில் சிக்கிய சாம்பியாவின் கதையையும் படிக்க வேண்டும். 1989இல் தன் தேசிய விளைபொருள் சந்தைப்படுத்தும் சபையைக் கலைத்து, பிறகு சோள வியாபாரத்தைச் சந்தையின் கையில் விட்டார்கள். சில ஆண்டுகளிலேயே சோளத்தை வாங்கிச் சேமிக்க வேறொரு அரச முகவரகத்தை உருவாக்க வேண்டி வந்தது. நாமும் 1971இல் நெல் சந்தைப்படுத்தும் சபையை அமைத்தோம், 1977க்குப் பிறகு அதன் கையைக் கட்டினோம். சபை வாங்கினால் மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. காய்ந்த நெல்லைத்தான் வாங்குவேன் என்றால், காயவைக்கும் வசதி இல்லாதவனுக்கு அந்த விலை எட்டாது.

விவசாயிகளுக்கான அரச அலுவலகமான கமநல சேவை நிலையம் ஒவ்வொன்றின் கீழும் சீமெந்துக் களங்களும், ஓர் உலர்த்தும் இயந்திரமும், ஒரு களஞ்சியமும் வேண்டும். அவற்றைக் கமக்காரர் அமைப்புகள் நடத்தட்டும். கணக்கை எல்லோரும் பார்க்கும்படி சுவரில் ஒட்டட்டும். களஞ்சியத்தில் வைத்த நெல்லின் பேரில் அரச வங்கி பாதிப் பெறுமதியையாவது அன்றைக்கே கடனாகத் தந்தால், இயந்திரக் கூலிக்காக எவரும் ஈர நெல்லை விற்க மாட்டார். பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் வளைவும் நினைவுக் கல்லும் கட்டுவதைக் கொஞ்சம் நிறுத்தி, எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் இதைத் தொடங்கலாம்.

களம் கட்ட நாளெடுக்கும் என்றால், விலையையாவது மார்கழி பிறக்குமுன் அறிவிக்கச் சொல்லி எழுதுங்கள். அம்பாறையிலும் எங்கள் பக்கத்திலும் ஜனவரியிலேயே இயந்திரங்கள் வயலுக்குள் இறங்கிவிடும்.

இப்படிக்கு,
நெல் விவசாயி ஒருவர்,
கொக்கட்டிச்சோலை, மட்டக்களப்பு.