ஸ்மித் கடை ரயிலடிக்குத் திரும்பியிருக்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரிட்டனின் டபிள்யூ.எச். ஸ்மித் புத்தகக் கடைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, இணையம் வந்தது, கடை போனது என்று முடிகிறது. பாதிக் கதைதான் அது.

2025-ல் கைமாறியவை கடைவீதிகளில் இருந்த சுமார் 480 கடைகள் மட்டுமே. வாங்கிய மொடெல்லா கேபிடல் நிறுவனத்துக்கு ஸ்மித் என்ற பெயர் கிடைக்கவில்லை. அதனால் 'டி.ஜி. ஜோன்ஸ்' என்று புதுப் பலகை மாட்டினார்கள். ரயில் நிலையம், விமான நிலையம், மருத்துவமனைக் கடைகளையும் பழைய பெயரையும் ஸ்மித் நிறுவனம் தன்னிடமே வைத்துக்கொண்டது. லாபம் அங்கேதான்.

அது புது யோசனையும் அல்ல. லண்டனில் பத்திரிகை விநியோகித்துவந்த இவர்கள், 1848 நவம்பரில் யூஸ்டன் ரயில் நிலையத்தில் புத்தகக் கடை போட்டார்கள். ரயில் பயணிகளை நம்பியே மஞ்சள் அட்டை போட்ட மலிவு நாவல்கள் அன்று ஏராளமாக அச்சாயின. பெரும்பாலும் 2 ஷில்லிங் விலை. வண்டிக்குக் காத்திருப்பவர் வேறு கடை தேடிப் போகவா போகிறார்?

அப்புறம் ஏன் ஊருக்குள் வந்தார்கள்? 1905-ல் இரண்டு பெரிய ரயில் கம்பெனிகள் வாடகையை ஏற்றிக் கேட்டன. ஸ்மித் ஒத்துக்கொள்ளவில்லை. நிலையங்களை விட்டு வெளியேறி, சில வாரங்களுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளைப் பக்கத்துத் தெருக்களில் திறந்துவிட்டார்கள். நீங்கள் இரங்கல் எழுதியிருக்கும் கடைவீதிக் கடைகளில் பல, இப்படி வாடகைத் தகராறில் பிறந்தவை. இன்றைய ரயிலடி ஸ்மித்தில் சாண்ட்விச்சும் தண்ணீர் பாட்டிலும் சார்ஜரும் பிடித்த இடம் போக மிச்சம்தான் புத்தகத்துக்கு. அதைப் புத்தகக் கடை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கட்டுரையாளர் தொடாத இன்னொன்று, எந்தப் புத்தகத்தின் பின்னட்டையிலும் இருக்கும் ஐ.எஸ்.பி.என். எண். 1960-களில் கிடங்கைக் கணினிக்கு மாற்ற முனைந்த ஸ்மித் நிறுவனம், புத்தகங்களுக்கு எண் கொடுக்க ஒரு முறை வேண்டும் என்று கார்டன் ஃபாஸ்டர் என்ற பேராசிரியரைக் கேட்டது. அவர் வகுத்த ஒன்பது இலக்க முறைதான் 1970-ல் பத்து இலக்கமாகி, சர்வதேசத் தரமானது. 2007 முதல் பதின்மூன்று. தமிழ்ப் பதிப்பாளர்களும் அந்த எண்ணைத்தான் அச்சிடுகிறார்கள்.

கடைசியாக ஒரு குறை. ஹென்றி வால்டன் ஸ்மித் தொடங்கி வளர்த்த கடை என்று எழுதியிருக்கிறீர்கள். தொடங்கியது 1792, அதே ஆண்டில் அவர் இறந்துவிட்டார். வளர்த்தவர் அவருடைய மனைவி அன்னா. 1816-ல் சாகும்வரை கடையை நடத்தியவர் அவர்தான். பலகையில் ஏறியதோ இளைய மகன் வில்லியம் ஹென்றியின் பெயர். அடுத்த இதழில் திருத்தம் போடுவதாக இருந்தால் அன்னாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
திருச்சி