கிளிப் கழற்றியவன் கூண்டில், வாங்கியவர் கடையில்

ஆசிரியர் அவர்களுக்கு,

புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில், தண்டவாளத்தை ஒட்டி எனக்குக் கமம் இருக்கிறது. தண்டவாளத்தைக் கொங்கிறீட் கட்டையோடு இறுக்கிப் பிடிக்கும் கிளிப்புகள் ஓரிடத்தில் வரிசையாக இல்லாததைக் கண்டு அறிவித்தவன் நான். அதனால் இப்போது நீதவான் நீதிமன்றத்துக்குச் சாட்சியாகப் போய்வருகிறேன். வழக்கு முடியாததால் அதைப்பற்றி எழுதவில்லை. ஆனால் இப்படியான வழக்குகள் நடக்கும் விதம் மனதை உறுத்துகிறது.

களவு களவுதான். இளகிவிடச் சொல்லி நான் கேட்கவில்லை. யாழ்தேவி ரயிலில் போகிற பிள்ளைகுட்டிகளின் உயிர் அந்தச் சின்ன இரும்பில் இருக்கிறது. சமிக்ஞைக் கேபிளைச் செம்புக்காக வெட்டினால் ரயில் கடவையில் மணியும் அடிக்காமல், விளக்கும் எரியாமல் போகலாம். 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பொதுச் சொத்துச் சட்டம் கடுமையாக இருப்பது சரியே. குற்றம் நிரூபணமானால் குறைந்தது ஒரு வருடச் சிறை. களவுபோனதன் பெறுமதி சட்டம் சொல்லும் தொகைக்கு மேல் என்று பொலிஸ் உயரதிகாரி அத்தாட்சிப்படுத்தினால், விசேட காரணம் இல்லாமல் பிணையும் இல்லை. ஆகவே வழக்கு ஒவ்வொரு தவணை தள்ளிப்போகும்போதும் ஒருவனுக்கு விளக்கமறியல்தான்.

அந்தத் தவணை எதற்காகத் தள்ளிப்போகிறது? பிடிபட்ட இரும்பு புகையிரதத் திணைக்களத்தினுடையது என்று அடையாளம் காட்ட வேண்டிய அதிகாரி வரவில்லை என்பதற்காக. வன்னியில் இந்தச் சாட்சி இல்லாமல் வழக்கு நகராது. 1990இல் போரால் ரயில் நின்ற பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர் என்கிற பதுங்குகுழிகளுக்குப் போயின, போரிட்ட இரண்டு தரப்பும் பிடுங்கின. மீள்குடியேறி வந்த சனம் காணிக்குள் கிடந்த துண்டுகளை மாட்டுக்கொட்டிலுக்கும் வேலிக்கும் போட்டது. இன்றைக்கும் பல வளவுகளில் அவை நிற்கின்றன. ஒருவன் வீட்டில் தண்டவாளத் துண்டு இருந்தது என்பதாலேயே அவன் கள்வன் ஆகமாட்டான். சட்டத்தரணி முதலில் கேட்பதும் இதைத்தான், கேட்கத்தான் வேண்டும். ஆனால் 2013இல் கிளிநொச்சிக்கு ரயில் வந்தது புதிதாகப் போட்ட பாதையில். அந்தப் பாதையின் கிளிப்பைப் பழைய சாமான்களிலிருந்து பிரித்துச் சொல்ல, பாதையில் வேலைசெய்கிற ஒருவருக்கு அதிக நேரம் தேவையில்லை. அவர் முதல் தவணைக்கே வரட்டும். கள்வனுக்குத் தண்டனை கிடைக்கும், கள்வன் அல்லாதவன் வீட்டுக்குப் போவான்.

அடுத்தது, இரும்பை வாங்கியவர். கிளிப்பைக் கழற்றிய பெடியன் அதை வைத்து என்ன செய்வான்? கறியா சமைப்பான்? பழைய இரும்புக் கடையில் நிறுத்துக் கொடுத்தால்தான் அது காசு. புதுக் கிளிப்பை மூட்டையாகக் கொண்டுவந்தால் எங்கிருந்து வந்தது என்று கடைக்காரருக்குத் தெரியாதா? களவுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவதும் தண்டனைச் சட்டக் கோவைப்படி குற்றம்தான். அப்படியிருந்தும் கடையிலிருந்து எடுத்த இரும்பு சான்றுப்பொருளாக மேசைக்கு வருகிறது, கடைக்காரர் சாட்சியாகக் கூண்டில் ஏறி இறங்கி வீட்டுக்குப் போகிறார். இதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

பொலிசார் கடைக்காரரையும் குற்றஞ்சாட்டப்பட்டவராகச் சேர்த்து வழக்குப் போட வேண்டும். பிரதேச சபைகள், யாரிடம் என்ன வாங்கினார்கள் என்பதை அடையாள அட்டை இலக்கத்தோடு எழுதிவைக்கும் கடைக்கு மட்டுமே அனுமதி கொடுக்க வேண்டும். புகையிரதத் திணைக்களம் வன்னி நீதிமன்றங்களுக்கென்று ஒரு அதிகாரியை ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
கமக்காரன் ஒருவன்,
புளியங்குளம்.