அந்த வெறுங்கால்களை இன்னொருமுறை பார்த்துவிட்டு வா

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி நீ போனை வைத்தபிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. "சிரோனியை எடுத்து ஆய்வு எழுதினால் பாசிஸ்டுக்கு வக்காலத்து வாங்குகிற மாதிரி ஆகிவிடுமாம்மா?" என்று கேட்டாய். முசோலினியின் பாசிச ஆட்சிக்குப் படம் போட்ட இத்தாலிய ஓவியராச்சே அவர். உடனே பதில் சொல்ல வரவில்லை. உட்கார்ந்து எழுதினால்தான் எனக்கு யோசனை ஓடும், உனக்கே தெரியும்.

போன வருஷம் மிலானில் வியா பலெஸ்த்ரோ தெருவில் இருக்கிற ஓவியக்கூட மாளிகைக்கு என்னை அழைத்துப்போனாயே, ஓவியர் பெல்லிஸ்ஸாவின் 'நான்காம் பிரிவு' படம் பார்க்க. ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரம், ஐந்தரை மீட்டர் அகலம். கூட்டம் நம்மை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தது. கிட்டப் போய்ப் பாரும்மா என்றாய். தூரத்தில் மண்ணாகத் தெரிந்த தரை, பக்கத்தில் போனதும் சின்னச் சின்னக் கோடும் புள்ளியுமாகப் பிரிந்துபோனது. குழந்தையை ஏந்திக்கொண்டு வெறுங்காலோடு வருகிற அந்தப் பெண், முன்னால் நடக்கும் ஆளிடம் கையை நீட்டி ஏதோ முறையிடுகிறாள். அவள் பெல்லிஸ்ஸாவின் மனைவி தெரேசா என்று நீ சொன்னதும் எனக்கு வாயடைத்துவிட்டது. மற்றவர்களும் அவருடைய சொந்த ஊரான வோல்பேதோ கிராமத்து ஆட்கள்தான்.

28 வருஷம் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுப் புரட்சி நடத்தியிருக்கிறேன். குருமார் முதல் பிரிவு, பிரபுக்கள் இரண்டாம் பிரிவு, மற்ற எல்லாரும் மூன்றாம் பிரிவு. அந்த மூன்றாம் பிரிவில் பணக்கார வியாபாரியும் இருந்தான், கூலிக்காரனும் இருந்தான். வியாபாரிக்குக் கிடைத்தது கூலிக்காரனுக்குக் கிடைக்கவில்லை. அப்படி விடுபட்டவர்களுக்குத்தான் நான்காம் பிரிவு என்று பேர் வந்தது. இதையெல்லாம் கரும்பலகையில் எழுதினேனே தவிர, ஒரு படத்தைக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்டவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அந்த மாளிகையிலிருந்து கோர்சோ வெனேசியாவுக்கு எத்தனை தூரம் நடந்தோம்? கொஞ்ச தூரம்தான். 1898 மே மாதம், ரொட்டி விலை ஏறியதைப் பொறுக்கமுடியாமல் ஜனங்கள் கிளம்பி, அந்தத் தெருவில்தான் டிராம்களைக் குறுக்கே போட்டு மறித்தார்கள். ஜெனரல் பாவா பெக்காரிஸ் கூட்டத்தின்மேல் பீரங்கியால் சுட்டார். அரசாங்கக் கணக்கிலேயே 80 பேர் செத்தார்கள். ராஜா உம்பெர்த்தோ அந்த ஜெனரலுக்குப் பதக்கம் கொடுத்தார். 1900-ல் மோன்சாவில் அந்த ராஜாவையே ஒரு நெசவுத் தொழிலாளி சுட்டுக் கொன்றான். பெல்லிஸ்ஸா இந்தக் கான்வாஸில் கைவைத்தது அதே 1898-ல், முடித்தது 1901-ல். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தக் கூட்டத்தின் அமைதி வேறு மாதிரி தெரிகிறது. ஒருத்தர் கையிலும் கல் இல்லை, தடி இல்லை. அவசரப்படாமல் வருகிறார்கள்.

1907-ல் பிரசவத்தை ஒட்டி தெரேசா போய்ச் சேர்ந்தாள். அதே வருஷம் பெல்லிஸ்ஸாவும் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயசு 38. படத்தை 1920-ல் பொதுமக்களிடம் நிதி திரட்டி மிலான் நகரம் வாங்கியது. முசோலினி காலத்தில் அது கிடங்குக்குள் போனது. படத்துக்கும் ஆட்சிக்கும் இருக்கிற உறவை இதைவிட வெளிச்சமாக யார் சொல்லிவிட முடியும்?

இப்போது உன் பர்ஸில் இருக்கிற 20 யூரோ சென்ட் காசை எடுத்துப் பார். இத்தாலியில் அடித்த காசில், காற்றைக் கிழித்துக்கொண்டு நடக்கிற உருவம் ஒன்று இருக்கும். இத்தாலியக் கலைஞர் பொச்சோனி 1913-ல் செய்த சிற்பம். அவர் செய்தது பிளாஸ்டரில்தான். வெண்கலத்தில் வார்த்தது அவர் போனபிறகு. அவரது கூட்டாளியான கவிஞர் மரினெத்தி 1909-ல் பாரிஸ் பத்திரிகையில் போட்ட அறிக்கையில், உலகத்தைச் சுத்தப்படுத்தப் போர் ஒன்றுதான் வழி என்று எழுதினார். பொச்சோனியும் போருக்குத் தானாகப் பெயர் கொடுத்தார். 1916-ல், பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். 33 வயசு. அந்தப் பையனைப் பெற்றவளை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது. இந்தக் காசு எத்தனை கோடிப் பேர் கையில் புரள்கிறது!

சிரோனிக்கு வருகிறேன். நீ அனுப்பிய படங்களைப் பலமுறை பார்த்தேன். ஆளில்லாத தெரு, இருண்ட ஆலைச் சுவர், ஒரு லாரி. 1920-களின் மிலான் புறநகர். பார்க்கப் பார்க்க நெஞ்சை அடைக்கிறது. அதே கைதான் முசோலினியின் பத்திரிகைக்கு வருஷக்கணக்கில் படம் போட்டது. 1935-ல் ரோம் பல்கலைக்கழக மண்டபத்துச் சுவரில் அவர் தீட்டிய ஓவியத்தில் பாசிசச் சின்னங்கள் இருந்தன. போருக்குப் பிறகு அவற்றை மறைத்து மேலே வண்ணம் அடித்தார்கள். 2017-க்குள் அந்தப் பூச்சை எடுத்து, பழையபடி வெளியே கொண்டுவந்தார்கள். ஏன் மூடினார்கள், ஏன் திறந்தார்கள் என்பதே ஒரு அத்தியாயத்துக்குக் காணும்.

1945 ஏப்ரலில் மிலானை விட்டுக் கிளம்பிய சிரோனியை பாசிச எதிர்ப்புப் போராளிகள் வழிமறித்தார்கள். சுட்டிருப்பார்கள். அங்கே நின்ற ஜானி ரொதாரி அடையாளம் கண்டு விடுவித்தார். பின்னாளில் குழந்தைகளுக்குக் கதை எழுதிப் பேர்வாங்கிய அதே ரொதாரி. அவர் சிரோனியின் அரசியலை எதிர்த்துப் போராடியவர். அந்த ஆளின் படங்கள் அவருக்குப் பிடித்திருந்தன. அவரால் இரண்டையும் மனசில் வைத்துக்கொள்ள முடிந்தது.

அதனால் தலைப்பை மாற்றாதே கண்ணு. பாசிசத்தை அடிக்குறிப்பில் ஒதுக்கவும் வேண்டாம். ஒரு தெருப் படத்தை எடுத்துக்கொள். அந்த வருஷம் அவர் பத்திரிகைக்குப் போட்ட படத்தை ஆவணக் காப்பகத்தில் தேடி எடுத்து, பக்கத்தில் வை. காசு கொடுத்தது யார், முதலில் பார்த்தது யார், அந்த ஆலைக்குள் வேலை செய்தவன் என்ன கூலி வாங்கினான் என்று கேட்டுக் கேட்டு எழுது. படம் உனக்குப் பிடித்திருக்கிறது என்பதையும் மறைக்காமல் எழுது.

எழுத ஆரம்பிக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வியா பலெஸ்த்ரோவுக்குப் போய், தெரேசாவின் காலருகே எனக்காகக் கொஞ்சநேரம் நில். அந்தப் பாதங்களை பெல்லிஸ்ஸா எந்தெந்த நிறத்தில் கட்டியிருக்கிறார் என்று குறித்து அனுப்பு. அன்றைக்குக் கூட்டத்தில் சரியாகப் பார்க்க முடியவில்லை.

அப்பா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. வரும்போது அந்த 20 சென்ட் காசு இரண்டு எடுத்து வா, அப்பாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

அன்புடன்,
அம்மா